பழைய கம்பளித் துணியில் விரிப்பு: எந்தத் துணிக்கு எந்த முறை?

கேள்வி இதுதான்: கனடாவில் இருக்கிறீர்கள். வீட்டில் சேர்ந்த பழைய கம்பளித் துணி ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது. கனத்த குளிர்கால கோட்டுகள், கட்டம் போட்ட ஸ்கர்ட்கள், ஒரு கோட் சூட், பிய்ந்த போர்வை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்திலும் கனடாவின் கிழக்குக் கரையிலும் அந்தக் காலப் பெண்கள் செய்த மாதிரி ராக் ரக், அதாவது கந்தல் துணி விரிப்பு, செய்ய வேண்டும். எந்த முறை எளிது, எவ்வளவு துணி வேண்டும், அடியில் சாக்குத் துணி போடலாமா, வாஷிங் மெஷினில் துவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எது எளிது என்று பார்த்துத் தொடங்காதீர்கள். கையில் இருக்கும் துணி எதற்கு ஒத்துவரும் என்று பாருங்கள். அந்தப் பெண்கள் செய்ததும் அதுதான். சாக்கில் கொக்கியால் கண்ணி கண்ணியாக இழுப்பது, சடை பின்னிச் சுற்றித் தைப்பது, துண்டு துண்டாகக் குத்திச் செருகுவது என்று மூன்று முறைகள் இருந்ததற்கே காரணம் துணி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்ததுதான். கனத்த கோட்டைக் கொக்கியில் இழுத்தால் கை வலிக்கும், அடித்துணியும் கோணிக்கொள்ளும். மெல்லிய ஸ்கர்ட்டைச் சடை பின்னினால் கயிறு மாதிரி ஒல்லியாகி, விரிப்பு முடிய வருடக்கணக்காகும்.

முதல் வேலை பெட்டியைப் பிரிப்பது. லேபிள் இருந்தால் பாருங்கள். நூறு சதம் கம்பளி என்றால் நல்லது. எண்பது சதம் கம்பளி, மீதி நைலான் என்றாலும் வைத்துக்கொள்ளலாம். லேபிள் கிழிந்துபோயிருந்தால் ஓரத்தில் சில நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானாக அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியும். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான மணி மாதிரி உறையும்.

ஆனால் கம்பளி என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எப்படி நூற்று நெய்யப்பட்டது என்பதும் முக்கியம். பூப்பூவென்று மேலே மயிர் எழும்பிய ஃபிளானல் வகைத் துணி சுடுதண்ணீரில் சுருங்கி, நூலும் நூலும் பின்னிக்கொண்டு இறுகும். அப்புறம் எவ்வளவு ஒல்லியாக வெட்டினாலும் பிசிறு வராது. கொக்கி விரிப்புக்கு வேண்டியது அந்தக் குணம். ஆண்கள் கோட் சூட்டுத் துணி பெரும்பாலும் வழுவழுப்பான வொர்ஸ்டட் அல்லது கபர்டீன். நீண்ட இழைகளைச் சீவி நேராக்கி, முறுக்கி நூற்ற நூல் அது. எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் சரியாக இறுகாது. கால் அங்குல நாடாவாக வெட்டினால் இழுக்கும்போதே நூல் நூலாகப் பிரிந்துவிடும். உங்கள் கோட் சூட்டைக் கொக்கிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சடையில் ஓரம் உள்ளே மடிந்துவிடுவதால் அங்கே சரிப்படும். அதிலும் மற்றத் துணியின் கனத்துக்கு ஈடாக அகலமாக வெட்ட வேண்டும்.

அடுத்தது துவைப்பது. வாங்கிய துணியானாலும் அலமாரித் துணியானாலும் சுடுதண்ணீரில் துவைக்காமல் ஒரு துண்டைக்கூட வெட்ட வேண்டாம். அழுக்கு போவதும் பழைய துணியோடு வரும் அந்துப்பூச்சிப் புழு சாவதும் கூடுதல் லாபம். முக்கியமான காரணம் இறுக வைப்பது. கோட்டுகளில் லைனிங், தோள் பஞ்சு, பட்டன், உள்ளே பசை வைத்து ஒட்டிய துணி எல்லாவற்றையும் துவைக்கும் முன்பே உரித்துவிடுங்கள். ஸ்கர்ட்களை அப்படியே போடலாம். பிரித்துப் போட்டால் ஓர நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் சோப்பு, சுடுதண்ணீர், குளிர்ந்த நீரில் அலசல், அப்புறம் ட்ரையரில் ஒரு பழைய டவலோடு நடுத்தரச் சூட்டில். அடர் சிவப்பும் கறுப்பும் தனியாக.

எடுத்துப் பார்த்தால் துணி தடித்து, கொஞ்சம் மிருதுவாக, நெசவு லேசாக மங்கியிருக்க வேண்டும். நெசவே தெரியாமல் அட்டை மாதிரி ஆகிவிட்டால் அளவு மீறிவிட்டது. அதைக் கொக்கிக்குப் பயன்படுத்தாமல் செருகு விரிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஓரத்தில் அரை அங்குல நாடா ஒன்றை வெட்டி, விரலுக்கிடையில் வைத்து இரண்டு மூன்று தடவை வெடுக்கென்று இழுங்கள். நூல் உதிராமல், அறுந்துபோகாமல் இருந்தால் போதும்.

சரி, எவ்வளவு வேண்டும்? கொக்கி விரிப்புக்குப் பழைய கணக்கு நான்கு மடங்கு. துணியை நான்காக மடித்து, நிரப்ப வேண்டிய இடத்தின் மேல் வையுங்கள். மூடினால் போதும். கண்ணியை உயரமாக இழுக்கும் கைக்கு ஐந்து மடங்கு வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி விரிப்பு ஆறு சதுர அடி. அதற்கு 24 முதல் 30 சதுர அடித் துணி. புதிதாக வாங்கினால் 60 அங்குல அகலத் துணியில் இரண்டு கஜம் பிடிக்கும். சடை விரிப்பை எடையால் கணக்கிடுவார்கள். சதுர அடிக்கு முக்கால் பவுண்டு முதல் ஒரு பவுண்டு வரை ஆகும். அதே ஆறு சதுர அடிக்கு ஐந்து பவுண்டு சுமாராக வேண்டும் என்றால், பெரிய விரிப்புக்கு எத்தனை கோட்டு போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பின்னணி நிறத்தை மட்டும் எப்போதும் தாராளமாக எடுத்து வையுங்கள். நடுவில் தீர்ந்துபோனால் அதே நிறம் மறுபடி கிடைக்காது.

இனி அடித்துணி. சாக்கு போடலாமா என்ற கேள்விக்கு, வரலாறு ஆமாம் என்கிறது. நான் வேண்டாம் என்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வங்காளத்துச் சணல் உலகம் முழுக்கச் சாக்காகப் போனது. முதலில் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகள் அதை நெய்தன. அங்கே திமிங்கில எண்ணெய் விட்டுச் சணலை மிருதுவாக்கி நூற்றார்கள். பின்னர் கல்கத்தாவைச் சுற்றியே ஆலைகள் வந்தன. மாவும் சர்க்கரையும் தீவனமும் இந்தச் சாக்குகளில் வந்து இறங்க, மெய்ன் மாநிலத்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் இருந்த பெண்கள் சாக்கைப் பிரித்து விரித்தார்கள். இடைவெளி விட்ட அந்த நெசவில் கொக்கி சுலபமாக நுழையும், காசும் கிடையாது. கொக்கி விரிப்பு அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு பரவியது சாக்கினால்தான். நியூஃபவுண்ட்லாந்தில் இந்தச் சாக்குத் துணிக்கு ‘பிரின்’ என்று தனிப்பெயரே உண்டு.

ஆனால் சணல் நாளாக ஆக உலர்ந்து, மொறுமொறுத்து, மடித்தால் முறியும். பழைய விரிப்புகளைப் பழுது பார்ப்பவர்களைக் கேளுங்கள். மேலே கம்பளி புதுசு போல இருக்கும், அடியில் சாக்கு தூளாக உதிரும். மாதக்கணக்கில் கைவேலை போட்டுவிட்டு அடித்துணியில் சிக்கனம் பிடிப்பது சரியில்லை. இன்று இதற்கென்றே விற்கும் லினன் அடித்துணி முதல் தரம். பருத்தியில் மாங்க்ஸ் கிளாத் மலிவு, கைக்கு மிருது, கற்றுக்கொள்ள ஏற்றது. கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். காபிக் கொட்டைச் சாக்கு கிடைத்தால் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை அடித்துணியில் வரையும்போது எல்லைக்கோட்டை ஸ்கேல் வைத்துப் போடாதீர்கள். பென்சில் முனையை இரண்டு நூலுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்து இழுத்தால் நெசவு தானே நேராகக் கொண்டுபோகும். நெசவுக்குக் கோணலாகப் போட்ட எல்லை, முடித்த பிறகு விரிப்பைச் சாய்சதுரமாக இழுக்கும். சுற்றிலும் நான்கு அங்குலம் விட்டு, ஓரத்தைத் தைத்துவிடுங்கள்.

என்ன படம்? 1860-களின் கடைசியில் மெய்ன் மாநிலம் பிடிஃபோர்டில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃபிராஸ்ட் என்ற தகரச் சாமான் வியாபாரி, பழைய உலோகத் தகடுகளில் பூவும் சிங்கமும் வெட்டி அச்சுத் தகடாக்கி, சாக்கில் பதித்து வீடு வீடாக விற்றார். அதன்பின் ஊர் ஊராக ஒரே சிங்கம் படுத்திருந்தது. வியாபாரமாக அது வெற்றி. ஆனால் எனக்குப் பிடித்தவை அதற்கு வெளியே, தன் வீட்டுப் பூனையையும் பக்கத்து வீட்டுக் குதிரையையும் கரித்துண்டால் கோணல்மாணலாக வரைந்து செய்தவைதான். முதல் விரிப்புக்கு அதுவும் வேண்டாம். ‘ஹிட் ஆர் மிஸ்’ என்று ஒரு பழைய பாணி இருக்கிறது. கறுப்புக் கோடுகளால் கட்டம் பிரித்து, உள்ளே கைக்கு வந்த நிறத்தை வரிசையாக நிரப்புவது. கலந்து கிடக்கும் துணிக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.

நாடா வெட்டுவதற்கு முன் துணியைக் கையால் கிழியுங்கள். ஃபிளானல் நூலோடு நேராகக் கிழியும். அந்தக் கிழிசல்தான் உங்களுக்கு அளவுகோல். அதற்கு இணையாக வெட்டினால் நாடா உறுதியாக இருக்கும். கிராஸாகப் போனால் இழுக்கும்போது அறும். கத்தரியே போதும். பிளிஸ், டவுன்சென்ட் போன்ற கைப்பிடி சுற்றும் கட்டர்கள் நன்றாக இருக்கும், ஆனால் விலை கூடுதல். அவற்றின் எண்கள் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கைக் குறிக்கும். 3 என்றால் 32-இல் மூன்று; பூவிதழ் நிழல் காட்டுகிறவர்களுக்கு அது. 6 நடுத்தரம், 8 கால் அங்குலம். நீங்கள் கால் அங்குலத்தில் தொடங்குங்கள். வேலை கண்ணெதிரே வளரும். ஒரே நாளில் எல்லாத் துணியையும் வெட்டிக் குவிக்க வேண்டாம். வெட்டாத துணியை வேறெதற்கும் திருப்பலாம், வெட்டிய நாடாவை முடியாது.

கட்டம் போட்ட ஸ்கர்ட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணியாக விரித்துப் பார்க்கும் நிறம் விரிப்பில் வராது. சிவப்பு, பச்சை, மஞ்சள் கட்டத்தை நாடாவாக்கி இழுத்தால் மூன்றும் சிதறி, தூரத்திலிருந்து ஒரே பழுப்புச் சிவப்பாகத் தெரியும். பின்னணிக்கு இது வரப்பிரசாதம். ஒரே நிறத் துணி தட்டையாகக் கிடக்கும். கட்டத் துணி உயிரோடு இருக்கும். எதையும் முடிவு செய்யும் முன் உள்ளங்கை அளவு இழுத்துப் பார்த்து, சற்றுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்.

கொக்கி வேலையின் செய்முறை சுருக்கமானது. ஆரி வேலை பார்த்தவர்களுக்குக் கை உடனே பழகும். அங்கே போலவே துணி சட்டத்தில் முரசு மாதிரி இறுக்கமாக இருக்க, கொக்கி மேலே ஒரு கையில், நாடா அடியில் மறுகையில். ஆரியில் கண்ணி முந்தைய கண்ணிக்குள் நுழைந்து சங்கிலியாகும், இங்கே ஒவ்வொரு கண்ணியும் தனியாக நிற்கும். முடிச்சு கிடையாது, பசை கிடையாது. பக்கத்துக் கண்ணிகளின் நெருக்கமும் அடித்துணியின் இறுக்கமும்தான் பிடித்து வைக்கின்றன. நாடாவின் நுனியை முதலில் மேலே ஒரு அங்குலம் இழுங்கள். அடுத்த ஓட்டையில் கண்ணி. கால் அங்குல நாடாவுக்குக் கண்ணி உயரமும் ஏறக்குறைய கால் அங்குலம். நாடா முடிந்தால் அந்த நுனியும் மேலேதான் வர வேண்டும். அடுத்த நாடா அதே ஓட்டையில் தொடங்கும். பிறகு நுனிகளைக் கண்ணி மட்டத்துக்கு வெட்டிவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. அடியில் ஒரு நாடாவை இன்னொன்றின் மேல் தாண்டவிடாதீர்கள். தாண்டிய இடம் புடைத்து, மிதிபட்டு, முதலில் தேயும்.

எல்லா ஓட்டையிலும் இழுக்க வேண்டியதில்லை. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அதிகமாகத் திணிக்கிறார்கள். கண்ணிகள் ஒன்றையொன்று தொட்டால் போதும். நெருக்கினால் விரிப்பு தரையில் படுக்காமல் மேடு தட்டும், எந்த இஸ்திரியும் அதைச் சரிசெய்யாது. அவ்வப்போது திருப்பிப் பார்த்தால், அடியில் ஆங்காங்கே அடித்துணி தெரிய வேண்டும். உருவத்தின் வெளிக்கோட்டைக் கோட்டுக்கு உட்புறமாக முதலில் போட்டு, உள்ளே நிரப்பி, உடனே அதைச் சுற்றிப் பின்னணியில் ஒரு வரிசை போட்டுவிடுங்கள். அந்த வரிசை உருவத்தைச் சிதையாமல் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான பாணி ஒன்றும் உண்டு. 1892-இல் லாப்ரடார் கரைக்கு வந்த ஆங்கில மருத்துவர் வில்ஃபிரெட் கிரென்ஃபெல் தொடங்கிய தொண்டு அமைப்பு, மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கு வருமானம் வர விரிப்பு வேலையைக் கொடுத்தது. அவை மெல்லிய நாடாவில், நேர் நேர் வரிசையாக, ஓட்டை விடாமல் இழுத்தவை. தூரத்தில் பார்த்தால் நெய்த ஓவியம் போல இருக்கும். 1920-களிலும் 30-களிலும் அமெரிக்கப் பெண்களிடம் கிழிந்த பட்டுக் காலுறைகளைக் கேட்டு வாங்கிச் சாயமிட்டு அதற்குப் பயன்படுத்தினார்கள். காலுறைத் துணி ஒல்லி என்பதால்தான் ஓட்டைக்கு ஓட்டை இழுக்க முடிந்தது. உங்கள் கம்பளியில் அதைச் செய்யப் போனால் விரிப்பு சுருண்டுகொள்ளும். நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள ஷெட்டிகாம்ப் ஊர் விரிப்புகளும் புகழ்பெற்றவை, ஆனால் அவை கம்பளி நூலில் செய்பவை. கந்தல் துணிக்கு அவற்றை மாதிரியாக எடுக்காதீர்கள்.

முடித்ததும் ஈரத்துணி போட்டு ஆவியில் இஸ்திரி செய்யுங்கள், தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். ஓரத்துணியில் உள்ளே கயிறு வைத்து முன்பக்கமாகச் சுருட்டி, கம்பளி நூலால் நெருக்கமாகச் சுற்றித் தையுங்கள். காலில் முதலில் தேய்வது ஓரம்தான். பின்புறம் ரப்பர்ப் பால் பூச யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சில வருடத்தில் மொறுமொறுத்து அடித்துணியையும் கெடுக்கும், பழுதும் பார்க்க முடியாது.

உங்கள் கோட்டுகள் சடைக்கு. ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலத்தில் நாடா வெட்டி, இரு ஓரமும் உள்ளே போக மடித்து, மறுபடி பாதியாக மடித்துப் பின்னுவது. மடிக்க உதவும் உலோகக் கூம்புகள் கிடைக்கும், இல்லாவிட்டால் விரலே போதும். நாடாவோடு நாடா சேர்க்கும்போது குறுக்காக, கிராஸாகத் தையுங்கள்; நேர்த் தையல் குமிழ் போலத் தெரியும். இரண்டு நாடாவை இப்படி ஒன்றாகச் சேர்த்து, அந்தத் தையல் இருக்கும் மடிப்புக்குள் மூன்றாவதைச் செருகித் தைத்தால் தொடக்கம் ரெடி. மூன்று கால் பின்னல்தான், ஆனால் தலைச் சடைபோலக் கீழே இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்துப் பின்ன வேண்டும். நாடாவின் திறந்த மடிப்பு எப்போதும் ஒரே பக்கம், சாதாரணமாக வலப்பக்கம், இருக்கட்டும்.

நீள்வட்டத்துக்கு நடுச்சடையின் நீளம் எளிய கழித்தல்: விரிப்பின் நீளத்திலிருந்து அகலம். ஐந்தடிக்கு மூன்றடி என்றால் நடுச்சடை இரண்டடி. அதன் நுனியில் திரும்பும்போது உள்பக்க நாடாவை அடுத்தடுத்து இரண்டு தரம் போட்டு, வெளி நாடாவை இறுக்கினால் சடை வளையும். இந்த வித்தை முதல் சுற்றுக்கு மட்டும். பிறகு சடை சாதாரணமாகவே போகும், வளைவை உண்டாக்குவது சடையோடு சடையை நூலால் இணைக்கும் கோர்ப்புதான்.

சடை விரிப்பில் கைத்திறன் முழுக்கக் கோர்ப்பில் இருக்கிறது. மொட்டை முனை ஊசியில் மெழுகு பூசிய லினன் நூல் அல்லது உறுதியான பருத்திக் கயிறு. துணியைக் குத்தாமல், விரிப்பின் ஒரு கண்ணி, புதுச் சடையின் ஒரு கண்ணி என்று மாறி மாறி நுழைத்து இழுத்தால் நூல் உள்ளே மறைந்துவிடும். நேர்ப் பக்கங்களில் கண்ணிக்குக் கண்ணி. வளைவில் வெளிச்சடைக்கு அதிக நீளம் வேண்டும். அதனால் அங்கங்கே புதுச் சடையில் ஒரு கண்ணியைத் தாண்டுங்கள், விரிப்புப் பக்கம் தாண்டக் கூடாது. போதாமல் தாண்டினால் விரிப்பு கிண்ணமாகக் குழியும், அதிகம் தாண்டினால் அலை அலையாக நெளியும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தாண்டினால் அங்கே மூலை முளைக்கும், இடத்தை மாற்றிக்கொண்டே போங்கள். மடியில் வைத்துக் கோர்க்க வேண்டாம். எவ்வளவு பெரிதானாலும் மேசை மேல் தட்டையாக வைத்துத்தான். மடியில் வைத்தால் குழிவு கடைசிவரை கண்ணில் படாது.

முடிக்கும்போது வளைவில் முடியுங்கள். கடைசி ஐந்தாறு அங்குலத்துக்கு மூன்று நாடாவையும் படிப்படியாக ஒல்லியாக வெட்டிப் பின்னி, எலிவால் மாதிரி வந்ததும் நுனிகளை விரிப்பின் கண்ணிக்குள் செருகித் தைத்துவிடலாம்.

மிஞ்சும் சில்லறைத் துண்டுகளுக்கும் கெட்டியாகிப்போனவற்றுக்கும் வட இங்கிலாந்துச் செருகு முறை. நார்தம்பர்லாந்து, டர்ஹம் பக்கம் ‘ப்ராகி’ என்பார்கள். ஒரு அங்குல அகலம், மூன்றங்குல நீளத் துண்டுகளை, கூராக்கிய மரக்குச்சியால் பின்பக்கத்திலிருந்து குத்தி, இரு முனையும் மறுபக்கம் தொங்கவிடுவது. பாதி உடைந்த துணி கிளிப்பையே செதுக்கி ஆயுதமாக்கிக்கொண்டார்கள். அகலச் சட்டத்தைச் சுற்றிக் குடும்பமே உட்காரும், குழந்தைகளுக்குத் துண்டு வெட்டும் வேலை. கிறிஸ்துமஸுக்குப் புது விரிப்பு அடுப்பு முன்னால் வரும், பழையது சமையலறைக்குத் தள்ளப்படும். அளவு, மடிப்பு எதுவும் பார்க்க வேண்டாத முறை, வேகமாகவும் முடியும். ஆனால் தூசியைச் சேர்த்துவைக்கும்.

போர்வையை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தளர நூற்ற துணி, சடையில் சீக்கிரம் தேயும். ஆனால் வெளிர்நிறப் போர்வை சாயத்துக்கு அருமை. வெங்காயச் சருகு போட்டுக் கொதிக்க வைத்தாலே தேன் நிறம் வரும், படிகாரம் சேர்த்தால் நிறம் பிடிக்கும். கடைச் சாயம் என்றால் கம்பளிக்கான ஆசிட் சாயம் வாங்கி, வினிகர் விட்டுப் பிடிக்க வையுங்கள். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். அப்புறம் கொக்கி விரிப்பின் பின்னணியாக்குங்கள்.

கடைசிக் கேள்வி, வாஷிங் மெஷின்: கூடாது. தூக்கி உதறவும் கூடாது, கயிற்றில் போட்டு அடிக்கவும் கூடாது, அடித்துணி முறியும். வாக்குவம் கிளீனரில் சுழலும் பிரஷை நிறுத்திவிட்டு மெதுவாக இழுங்கள். கறை பட்டால் குளிர்ந்த தண்ணீரில் துளி சோப்பு, ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது. கனடாவில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதி: நல்ல உறைகுளிர் நாளில், பொடிப் பனி விழுந்திருக்கும்போது, விரிப்பை முகம் கீழாகப் பனிமேல் போட்டுக் கையால் லேசாகத் தட்டி எடுக்கலாம், அழுக்கு பனியில் தங்கிவிடும். ஈரப் பனியில் செய்யாதீர்கள். எடுத்து வைக்கும்போது மடிக்காமல், கண்ணிப் பக்கம் வெளியே இருக்குமாறு சுருட்டி, பழைய பருத்திச் சேலையிலோ பெட்ஷீட்டிலோ சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம்.